புல் விட்ட ஓரம்

வாய்க்கால் ஓரத்தில் நான்கடி அகலத்துக்கு உழாமல் புல்லை வளரவிட்டிருந்தாள் அவள். மழைத்தண்ணீர் புல்லுக்குள் புகுந்து வந்தால் மண்ணை அங்கேயே விட்டுவிடும் என்பது அவள் நம்பிக்கை.

"சோம்பேறிக்குப் புல்லும் பயிராம்! மழைக்கு அப்புறமும் நம்ம தண்ணி கலங்கி ஓடினா, அந்தப் புல்லுல டிராக்டரை விட்டுடுவேன்" என்றிருந்தார் கணவர்.

விடிய விடியப் பெய்த மழை ஓய்ந்ததும், மூடுபனி விலகும் நேரத்தில் இருவரும் நடந்தார்கள். அவர்களுடைய வாய்க்காலும், கரைவரை உழுதிருந்த கொழுந்தனுடைய வாய்க்காலும் ஒன்றுசேரும் இடத்தில் தண்ணீர் இன்னும் கலக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் போல, ஒரு பாதி பழுப்பாகவும் மறுபாதி தெளிவாகவும் அருகருகே போய்க்கொண்டிருந்தது. தெளிந்த பாதியில் ஒரு மேகத்தின் பிம்பம் மெல்ல அசைந்தது.

கொழுந்தனும் வந்து நின்றான்.

"அண்ணி, இதுல எது என்னோடது?"

"காப்பி மாதிரி போகுதே, அதுதான் தம்பி. எல்லாம் உன் வயல் மண்ணு."

"சர்க்கரை போட்டாச்சா?"

அவள் சிரிக்கவில்லை, கணவரையே பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெளிந்த பக்கம் இறங்கினார். முழங்கால் ஆழத்தில் கால்விரல்கள் தெரிந்தன. யாருடைய விரல்களோ என்பது போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், உன் ஓரத்தையும் உழாத. அண்ணிகிட்ட புல்விதை வாங்கிக்க" என்றார் தம்பியிடம்.