குடியில் ஒரு சாவு

வயர்லெஸ்ஸில் எழுந்த சிரிப்பைக் கேட்டதும் லெப்டினன்ட் தாவரி ஒலியைக் கூட்டினான். அவன் ஒட்டுக்கேட்கும் எண்ணெய்த் திருட்டுப் படகுக்காரர்கள் கலபாரி மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். கழிமுகத்துக் கடற்படைத் தளத்தில் அது தாய்மொழியாக வாய்த்தவன் அவன் ஒருவனே. உளவுப் பிரிவில் அவனை உயர்த்தியதும் அந்த மொழிதான்.

“நேவிக்குத் துப்புக் குடுக்கிறது யாருன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றான் படகுத் தலைவன் ஒபுபோ. “துறையில வாழைக்காய் சுடுறாளே இபிஃபுரோ, அவதான். அந்த லெப்டினன்ட் தினமும் அங்கதான திங்கிறான். சந்தை கலையட்டும், கதைய முடிச்சிடலாம்.”

இபிஃபுரோ ஒரு துப்பும் கொடுத்தவள் அல்லள். எல்லாத் துப்பும் இந்த வயர்லெஸ் கொடுத்ததே.

அவளைக் காக்க ஆள் அனுப்பும்படி தாவரி கேட்டபோது, கமாண்டர் கியாங் தலையசைத்து மறுத்தார். “துறைக்கு ஒருத்தனும் போகக் கூடாது. நாம ஒட்டுக்கேக்குறது அவங்களுக்குத் தெரிஞ்சா மூணு வருஷ உழைப்பு போச்சு.”

தாவரி வெளியே வந்து அவளைத் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, தாய்மாமா செத்துட்டாருன்னு அழுதுக்கிட்டே ஊருக்குக் கிளம்புங்க. இப்பவே.”

“என்ன வாய் தம்பி இது? காலையிலதான் போன்ல என்னைத் திட்டினாரு. செத்த மனுஷன் அப்படித் திட்டுவாரா?”

“கேள்வி கேக்காதீங்கக்கா. அங்க இருந்தா உங்கள கொன்னுடுவாங்க.”

அவன் குரல் உடைந்ததை அவள் கேட்டிருக்க வேண்டும். தொலைபேசியில் உடனே ஒப்பாரி எழுந்தது. சாவுக்குப் புறப்படும் பெண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு அவன் இருக்கைக்குத் திரும்பினான்.

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை.

“வாழைக்காய்க்காரி துறையே அதிர அழறா,” என்றான் ஒபுபோ. “அவ மாமன் நம்ம குடிப் பெரியவருடா. எல்லாரும் போயாகணும். படகத் திருப்பு. பொணத்தப் பாத்துட்டு, அவள அங்கேயே பாத்துக்கலாம்.”

தாவரி தன் தவறை உணர்ந்தான். படகுகளின் பெயர்களையும் பாதைகளையும் மனப்பாடமாக அறிந்திருந்தவன், ஒரு கலபாரிக்காரன் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருந்தான்: அவர்கள் எந்தக் குடி, எந்த வம்சம்? கிழவர் உயிரோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். ஓடிவந்ததற்கு அவள் என்ன காரணம் சொல்வாள்?

கமாண்டரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தாவரி பேசும் பொத்தானை அழுத்தினான்.

“ஒபுபோ, நான் நேவி லெப்டினன்ட் தாவரி. மூணு வருஷமா நீங்க பேசினத எல்லாம் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். உங்களக் காட்டிக்குடுத்தது உங்க வாய்தான். அந்த அக்காகிட்ட நான் வாழைக்காயத் தவிர வேற எதுவும் வாங்கினதில்ல. சாவுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.”

விரலை எடுத்தான். ஒபுபோவிடமிருந்து மரியாதை குறையாத குரலில் கேள்வி வந்தது.

“நீங்க யார் வீட்டுப் பிள்ளை?”

குடியைச் சொல்லாதவன் வார்த்தையை எந்தக் கலபாரிக்காரனும் நம்ப மாட்டான். சொல்லிவிட்டால், தாய் இருக்கும் வீட்டுக்கு அவனே வழிகாட்டியதாகிவிடும்.

மறுபடி பொத்தானை அழுத்தி, தாவரி தன் தகப்பனின் பெயரையும் குடியையும் சொன்னான்.