திருத்தியவர் பெயர்

எல்லோரும் சாப்பிடக் கீழே போயிருந்த நேரத்தில்தான் அவள் அந்த வரியைக் கண்டுபிடித்தாள். நாலு மாதத் தேடல். மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார், யார் திருத்தினார், எந்தத் தேதியில், எதற்காக என்பதெல்லாம் ஓரத்தில் பதிவாகி நிற்கும், அதை லேசில் அழிக்க முடியாது என்று பயிற்சியின் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மற்ற எட்டுப் பெண்களும் அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வரியின் ஓரத்தில் 'சிறு திருத்தம்' என்று இருந்தது. தேதியைப் பார்த்தாள். அவளைப் பழைய வேலையைவிட்டுத் துரத்திய எட்டாவது நாள். திருத்தியவர் பெயர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "என்னம்மா, அடுப்படி வேலையைவிட இது ஈஸிதானே?" என்று தினமும் விசாரிக்கிற டீம் லீடருடையது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுண்ட்டரில் இருந்தாள். ஒரு நாள் ஒரே பெயரும் ஒரே பிறந்த வருடமுமாக இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் தனித்தனி எண் போட்டு, குழாய்களில் ஒட்டி, கணினியிலும் ஏற்றினாள். ரிப்போர்ட் மட்டும் மாறிப் போனது. எந்த நோயும் இல்லாத ஒரு டிரைவருக்குத் தொற்று நோய் என்று தாள் போய், கைக்கு வந்த வேலையும் போய், மனிதர் கவுண்ட்டரில் வந்து நின்று கத்தினார். கோர்ட்டுக்குப் போவேன் என்றார். நிலையத்தின் முதலாளி அவளைக் கூப்பிட்டு, காத்திருந்த இருபது பேருக்கு முன்னால் கைகூப்ப வைத்தார். "என் கவனக்குறைவுதான், மன்னிச்சிடுங்க" என்று அவள் சொன்னாள். பயத்தில் சொல்லவில்லை. தன் தப்பு என்று நம்பியே சொன்னாள். பிற்பாடு அவளால் பொறுக்கவே முடியாமல் போனது அதைத்தான்.

வீட்டில் அது வேடிக்கையாகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு கூடினால், "எந்த வீட்டு உப்பை மாத்திப் போட்ட?" என்பான் கணவன். கெட்ட மனது இல்லை அவனுக்கு. ஆனால் ஒரே நகைச்சுவையை மூன்று வருடம் வைத்து ஓட்டுகிறவனை என்ன செய்வது? அவள் சிரித்து வைப்பாள். பாத்திரம் கழுவும்போது அன்றைய வேலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பாள். இந்தக் குழாயில் இந்த எண், அந்தக் குழாயில் அந்த எண். நூறு முறை ஓட்டினாலும் சரியாகவே வந்தது. அப்படியானால் மாற்றியது யார்? கவுண்ட்டர் கணினித் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பெண்களுக்குச் சம்பளத்தோடு ஆறு மாத மென்பொருள் பயிற்சி என்று மூன்று கம்பெனிகள் விளம்பரம் செய்தபோது, அவள் அந்தப் பெயர் கொண்ட ஒன்றுக்குத்தான் விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்தில் ஏன் இந்தத் துறை என்று கேட்டார்கள். தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பதில் ஆசை என்றாள். ஆஹா, இதுவல்லவா ஆர்வம் என்று பூரித்துப்போய் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது வரி கையில் இருந்தது. பழைய நிரல், குழாயின் எண்ணைப் பார்க்கவே இல்லை. பெயரையும் வருடத்தையும் மட்டும் பார்த்துத் தாளை அடித்துத் தள்ளியிருக்கிறது. திருத்தத்தோடு நிலையத்திலிருந்து வந்த புகாரும், அதற்கு டீம் லீடர் கம்பெனிக்குள் எழுதிய பதிலும் இணைந்திருந்தன. பதிலை இரண்டு தடவை படித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வந்தது வேறு ஒன்று. ரொம்ப நாள் கழித்து நல்ல பசி எடுத்ததைப் போல இருந்தது. கீழே போய் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

உடன் பயில்கிறவர்களில் ஒருத்திக்கு மட்டும் சொன்னாள். முன்பு பள்ளியில் வேலை பார்த்தவள், எல்லோருக்கும் டீச்சர். டீச்சர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். ஒன்பது பேரில் ஆறு பேருக்குத்தான் நிரந்தர வேலை, வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவது டீம் லீடர்தான்.

"பாம்பும் சாகணும், தடியும் உடையக்கூடாது. முதல்ல கையெழுத்தை வாங்கு. அப்புறம் அவர் தலையில கல்லைத் தூக்கிப் போடு."

புத்திசாலித்தனமான யோசனைதான். இரண்டு மாதம் அவளும் அதையே நம்பியிருந்தாள். ஆனால் அவர் கையெழுத்தில் தன் பிழைப்பு நடக்கும் என்று நினைக்க நினைக்கக் கசந்தது. கடைசி வாரம், பயிற்சி நிறைவு நாளுக்கு வாடிக்கையாளர்களில் யாரை அழைக்கலாம் என்று பட்டியல் கேட்டார்கள். அவள் ஒரே ஒரு பெயர் எழுதிக் கொடுத்தாள்.

அன்று ஒவ்வொருத்திக்கும் பத்து நிமிடம். முன் வரிசையில் பரிசோதனை நிலையத்து முதலாளி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார், எங்கேயோ பார்த்த முகம் என்பதாக நெற்றியைச் சுருக்கினார், அதோடு விட்டுவிட்டார். அடையாளம்கூடத் தெரியவில்லை. அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அந்த நெற்றிச் சுருக்கத்தில் போனது.

அந்த வரியைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள். தேதியைச் சொன்னாள். இது திருத்தப்படுவதற்கு முன்னால் எப்படித் தாளை மாற்றும் என்று ஒரே பெயரில் இரண்டு பேரை ஏற்றிக் காட்டினாள். மாறியது. அறையில் சிலர் ரசித்துத் தலையாட்டினார்கள். டீம் லீடர் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"நல்லா இருக்கும்மா. டைம் ஆச்சு, அடுத்தவங்க வரட்டும்."

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு சார். இது நீங்க எழுதின பதில். நீங்களே படிச்சா நல்லா இருக்கும்."

அவர் படிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு அது இலையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது என்ன படிக்கத் தோன்றும்? அவளே படித்தாள்.

"சரி செய்துவிட்டேன். நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டாம். ஆபரேட்டர் தவறு என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள்."

முதலாளி மெல்ல எழுந்தார். இப்போது அவருக்கு முகம் தெரிந்துவிட்டது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையை நீவினார்.

"அம்மா... அந்தப் பொண்ணு நீதானா? எனக்குத் தெரியாதும்மா. நிஜமா தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க. ஆனா மன்னிப்புக் கேட்டேன்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், பாதியில் விட்டு மறுபடி தொடங்கினார். அவள் உதவவில்லை. அவர் தடுமாறுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இனித்தது, சந்தேகமே இல்லாமல் இனித்தது. டீம் லீடர் எழுந்து, பழைய கதை, தனியாகப் பேசிக்கொள்ளலாம், எல்லோருக்கும் தேநீர் தயாராக இருக்கிறது என்று ஏதேதோ சொன்னார். முடிந்தது என்று நினைத்துச் சிலர் பையை எடுத்தார்கள்.

"உக்காருங்க சார்" என்றாள் அவள். "என்னுது கடைசிப் புகார். அதுக்கு முன்னாடி வந்ததும் இருக்கு."

அடுத்த பக்கத்தைத் தட்டினாள். திரையில் பதினான்கு வரிகள் வந்தன. பதினான்கு நிலையங்கள், பதினான்கு தேதிகள், ஒன்றேகால் வருடக் கணக்கு. ஒவ்வொன்றின் கடைசியிலும் புகாரை மூடிய அதே காரணம்: ஆபரேட்டர் தவறு. யாரோ ஒருத்தி, எந்தக் கவுண்ட்டரிலோ, யார் முன்னாலோ. பின்வரிசையில் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் முதலாவதைத் தேதியோடு சத்தமாகப் படித்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த நிர்வாக அதிகாரி டீம் லீடரை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவருடைய கையெழுத்துக்காக மடியில் தயாராக வைத்திருந்த ஆறு வேலைக் கடிதங்களையும் ஓசைப்படாமல் கவிழ்த்து வைத்தாள். திரையருகே நின்றவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதைப் படிக்க ஆரம்பித்தாள்.