கடுகிலும் சிறிய பல்

அருங்காட்சியகத்தில் அவளை எல்லாரும் எலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற ஆய்வாளர்கள் டைனோசர் தொடையெலும்போடு மல்லுக்கட்ட, அவள் அவற்றின் காலடியில் ஒளிந்து வாழ்ந்த எலியளவுப் பாலூட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். டைனோசர் விலா ஒன்றில் ஒட்டியிருந்த பாறைத் துண்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, மாதக்கணக்கில் ஊசியால் சுரண்டியதில் அகப்பட்டது ஒரு தாடை. அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். கடுகை விடச் சிறியது.

வீட்டில் கைக்குழந்தை. சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. அன்று மத்தியானம் கண் ஒரு நொடி சொருகியது. ஊசி வழுக்கியது. பல் தெறித்து எங்கோ போய்விட்டது.

அழக்கூடத் தெம்பில்லை. மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். மூட்டுவலிக்காரரான துறைத்தலைவரும் கீழே உட்கார்ந்து தேடினார். அந்தப் பிராணி எதைத் தின்று பிழைத்தது என்று சொல்ல அந்தப் பல்லை விட்டால் வேறு சாட்சியில்லை. தாடையை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதிக்கொள்ளலாம் என்று அவர் தணிவாகச் சொன்னார். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அறைத் தூசி முழுவதையும் தூரிகையால் கூட்டித் தட்டுகளில் சேர்த்தாள். சாயங்காலம் புருஷன் மருந்துக்கடை வேலை முடிந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழைத்துப்போக வந்தான். காலையில்தான் இருவரும் பால்புட்டியை யார் கழுவுவது என்று சண்டை போட்டிருந்தார்கள்.

"நீ போ. நான் இப்ப வரமுடியாது," என்றாள்.

அவன் தட்டுகளைப் பார்த்தான். குழந்தையை அவள் மடியில் கிடத்தினான். "ஒரு தட்டை இப்படித் தள்ளு."

இருவரும் ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு துழாவினார்கள். கடைசியில் அவள் தட்டில்தான் அகப்பட்டது, இரண்டாக உடைந்து. நுண்ணோக்கியில் வைத்தாள். முனைகள் ஊசிபோல் கூராக நின்றன.

"பூச்சியத்தான் பிடிச்சுத் தின்னிருக்கு," என்றாள்.

"இத்தனூண்டு பல்லை வச்சுக்கிட்டு அவ்ளோ பெரிய மிருகங்களுக்கு நடுவுல எப்படிப் பொழச்சுது?"

"ராத்திரிலதான் வெளிய வந்திருக்கும்னு நெனைக்கிறோம்."

"அப்ப அதுக்கும் ராத்தூக்கம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, முழுதாகச் சிரிக்க முடியவில்லை, கொட்டாவி குறுக்கே வந்தது.

மறுநாள் ஒட்டும் வேலையை அவள் தொடவில்லை. கையை நம்ப முடியவில்லை என்று சொல்லித் தலைவரிடமே கொடுத்துவிட்டாள். அவர் பசை தொட்டு முதல் துண்டை எடுத்தபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது துண்டு பொருந்தியதை அவள் பார்க்கவில்லை. தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அவர் எழுப்பவில்லை.