மஞ்சள் போட்ட மூளை

கோகுலின் எம்.எஸ்ஸி. பட்டம் ஓர் ஆட்டின் மூளையில் மாட்டிக்கொண்டிருந்தது.

உப்பங்கழியில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் எரியும் என்பது போர்ட் பிளேயரில் பலருக்கும் தெரியும். அதிலுள்ள ஒரு சேர்மம் கட்டியை வளரத் தூண்டும் என்பது கோகுலுக்கும் அவன் வழிகாட்டி சங்கவி மேடத்துக்கும் தெரியும். அது புற்றுநோயைத் தொடங்காது. ஏற்கெனவே கெட்டுப்போன செல்லைப் பெருகச் சொல்லும், அவ்வளவுதான். செல்லுக்குள் ஓர் ஏற்பிப் புரதம் உண்டு. உடம்பின் சொந்த மூலக்கூறு அதில் உட்கார்ந்து, சேதி சொல்லி, எழுந்து போய்விடும். தில்லைச் சேர்மமோ ஃபீனிக்ஸ் பே படகுத்துறை பெஞ்சில் துண்டு விரித்துப் படுத்தவர் மாதிரி. எழுந்திருக்காது.

அந்த ஏற்பி மூளையில்தான் அதிகம். சிவப்பாக ஒளிரும் சாயம் கட்டிய சேர்மம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்திருந்தது. இரண்டு சோதனைக்குத்தான் காணும். திங்கட்கிழமை வைவா. முடிவு வராவிட்டால் இன்னொரு வருஷம்.

சனிக்கிழமை ஹேடோ கறிக்கடையில் மூளை வாங்கிவந்து, ஐஸ் டப்பாவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். பிறகு டப்பாவோடு கல்லூரிக்கு ஓடினான். மூளை லேசாக மஞ்சளாக இருந்தது. கொழுத்த ஆடு என்று நினைத்துக்கொண்டு அரைத்தான். சேர்மத்தை விட்டு, ஒட்டாததைக் கழுவிவிட்டுப் படம் எடுத்தான். சிவப்பு வரவேயில்லை. யோசித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, அந்த மூளைய எதுவும் பண்ணியா?"

"பண்ணாம? சவ்வும் ரத்தமுமா கொண்டுபோனா அந்த மேடம் நம்மளப் பத்தி என்னடா நினைக்கும்? கொதிக்கிற தண்ணில உப்பும் மஞ்சப்பொடியும் போட்டு, அலசித்தான் வச்சேன்."

"வெந்துபோச்சும்மா."

"அச்சா, அப்ப வேலை சீக்கிரம் முடியும்ல."

மறுநாள் வாங்கிய மூளையை வீட்டுப் பக்கமே கொண்டுபோகாமல் நேராக ஆய்வகத்துக்குக் கொண்டுபோனான். சிவப்பு ஜம்மென்று ஒளிர்ந்தது.

வைவாவுக்குத் தேர்வாளராக மெயின்லேண்டிலிருந்து வந்த ஜம்புலிங்கம் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சேர்மம் ஏற்பியில்தான் உட்கார்ந்தது, கொழுப்பில் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். சங்கவி மேடத்தின் முகம் வாடியது. கோகுல் சனிக்கிழமைப் படத்தை எடுத்து வைத்தான். வேகவைத்த மூளையில் கொழுப்பு இருக்கிறது, ஏற்பிதான் கெட்டுவிட்டது, சேர்மம் உட்காரவில்லை என்றான்.

சார் தலையாட்டினார். பிறகு படத்தை உற்றுப் பார்த்தார்.

"மஞ்சள் எதுக்குப்பா?"

"கவுச்சி போறதுக்கு, சார்."

மஞ்சளுக்காக மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்துப் பாஸ் போட்டார். வீட்டில் சொன்னபோது அம்மா பாஸ் ஆனதைக் காதில் வாங்கவில்லை.

"உப்புக்கு ஒண்ணும் குறைக்கலையே?"