மாமியாரின் கண்

அட்டைப்பெட்டி கட்டும் கூடத்தில் ஓடும் பெல்ட்டுக்கு மாமியார் என்று பெயர். நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம் என்பதால் வந்த பெயர். அது ஓடும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது; அது நின்றால்தான் கழிப்பறைக்குப் போகலாம். ஆகவே மாமியாருக்கு அடிக்கடி மயக்கம் வந்தது.

அதை வரவழைப்பவள் டேப் ஒட்டும் அக்கா. பெட்டி வருகிறதா என்று பார்க்க பெல்ட்டின் ஓரத்தில் மிளகளவு கண் ஒன்று உண்டு. அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் மாமியார் சாய்ந்துவிடுவாள். கூடமே கழிப்பறைக்கு ஓடும். மெக்கானிக் வருவதற்குள் துண்டை உரித்துவிடுவாள்.

தொழிலாளர்கள் ஏன் நாசவேலை செய்கிறார்கள் என்று கண்டறிய, தலைமை அலுவலகம் ஒரு மேனேஜரை அனுப்பியது. அவர் எல்லோரையும் நிற்கவைத்துக் காரணங்களை அடுக்கினார்: மனக்குறை, பொறாமை, வளர்ப்பு சரியில்லை. மூத்திரம் அந்த அடுக்கில் இல்லை.

"ஆள் சிக்கினா அன்னைக்கே வீட்டுக்கு!"

அக்காவின் புருஷன் கால் முறிந்து படுத்திருக்கிறான். வீட்டில் உலை கொதிப்பது அவள் கையால்தான்.

"கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கிட்டு இருங்கக்கா," என்றான் பெட்டி மடிக்கும் நெட்டையன்.

"கையைக் கட்டலாம்டா. மத்ததை எப்படிக் கட்டுறது?"

மேனேஜர் காவலுக்குத் தானே லைனில் நின்றார். புழுக்கத்துக்குப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். மத்தியானம் ஒற்றைக்காலில் நின்றார். பிறகு மற்றக்காலில்.

"சார், போயிட்டுத்தான் வாங்களேன்," என்றாள் அக்கா.

"சட்டம்னா எனக்கும் சட்டம்தாம்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

சற்று நேரத்தில் கூடமே அவரைப் பார்க்காமல் பெட்டிகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தது. அவர் அக்காவின் மேசையிலிருந்து ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, காலையிலிருந்து முறைத்துக்கொண்டு நின்ற அந்தக் கண்ணின்மேல் ஒட்டினார். மாமியார் சாய்ந்தாள். மேனேஜர் பறந்தார்.

புதுத் திருடன், துண்டை உரிக்க மறந்துவிட்டார். சிக்கினால் அக்காவின் டேப், அக்காவின் வேலை என்றாகிவிடும். வாசலில் மெக்கானிக்கின் செருப்புச் சத்தம். அவள் எட்டிப் பாய்ந்து உரித்தாள். மெக்கானிக் பார்த்தான், ஒன்றும் புலப்படவில்லை.

மேனேஜர் முகம் தெளிந்து திரும்பினார். அக்கா அவர் உள்ளங்கையில் துண்டை ஒட்டினாள்.

"உங்களோடது, சார்."

மறுநாள் மேனேஜரின் உத்தரவு வந்தது. தொழிலாளர்கள்மேல் குற்றமில்லை. இயந்திரம் களைத்துப்போகிறது, அதற்கு அவ்வப்போது ஓய்வு தரவேண்டும்.

"நமக்கு?" என்றான் நெட்டையன்.

"அவ படுக்கட்டும்டா," என்றபடி அக்கா கழிப்பறைப் பக்கம் நடையைக் கட்டினாள். "நீ வழியை விடு."