உப்பில்லாப் பொடி

என் அண்ணனுக்கு வீட்டில் 'ஆராய்ச்சி' என்று பெயர். வைத்தவர் அப்பா. மீன் வளர்க்கிறேன் என்று தொட்டி வாங்கினான், மீன்கள் செத்தன. மெழுகுவத்தி ஊற்றினான், சமையலறைத் தரை இன்னும் வழுக்குகிறது. ஊரில் வேறு எதுவும் மிச்சமில்லாமல் கடைசியில் அப்பாவின் இதயத்தில் கை வைத்தான்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம். உப்பு கூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். இன்னொரு முறை அது நுரையீரல்வரை ஏறினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலமே ஆராய்ச்சி மிக்ஸியைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டான். மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் காயவைத்து அரைத்து, உப்புக்குப் பதிலாகத் தூவ ஒரு பொடி செய்வானாம். நாள் முழுக்கச் செருப்புக் கடையில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வரும் நான் அந்த நெடியில் தும்மிக்கொண்டே சாப்பிட வேண்டும்.

முதல் பொடியைச் சூப்பில் தூவி நீட்டினான். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க. இதைப் போட்டா குப்பைக்கே அவமானம்டா."

அடுத்த பொடி மரத்தூள் மாதிரி இருந்தது. அதற்கடுத்ததற்கு அப்பா வாயையே திறக்கவில்லை. சாப்பாடு குறைந்து, தோள்பட்டையில் சட்டை தொங்கியது. அண்ணனுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. இந்த முறை காய்ந்த தக்காளியை அரைத்துச் சேர்த்தான்.

அப்பா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் தூவச் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டில்களில் அடைத்து, 'துளி உப்பு இல்லை' என்று சீட்டு ஒட்டி, ஜன்னலோரம் அடுக்கினான்.

"இவ்வளவு சுலபம். உலகத்துல ஒருத்தனுக்கும் தோணலை பாரு" என்றான் என்னிடம்.

தோணாமல் போனதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று அவன் மண்டையில் ஏறவா போகிறது.

வழக்கமான பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு நாள் காலையில், அப்பாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. நானே அளவு பார்த்து எடுத்து வந்த செருப்பு அது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. நேரே போய்ப் பாட்டிலைத் திறந்து ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

"இதுல உப்பு போட்டியா?"

"பொடியில போடவே இல்லையே. தக்காளி சீக்கிரம் காயட்டும்னு அதுமேல கல்லுப்பு தூவினேன், அவ்வளவுதான்."

"அந்த உப்பு எங்க போச்சு?"

"தண்ணியோட போயிருக்கும்ல. வெயில்ல வச்சது அதுக்குத்தானே."

தண்ணீர் ஆவியாகும்போது உப்பும் கூடவே கிளம்பிப் போய்விடும் என்று நம்புகிற ஜென்மத்திடம் என் அப்பாவின் உயிரை ஒப்படைத்திருந்தோம். கழுதைக்குக்கூட உப்பு மூட்டையின் கனம் தெரியும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"அவனை ஏம்மா வையறே?" என்றார் அப்பா, ஒரு காலில் செருப்போடு. "முதல் வாயிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்பா சொல்லலை?"

"பொறந்ததுலேருந்து இப்பத்தான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கான். பாட்டிலைத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறான். எப்படிச் சொல்ல?"

ஒருத்தருக்கு அறிவில்லை, இன்னொருத்தருக்கு உயிர்மேல் ஆசையில்லை. இவர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி.

டாக்டர் அப்பாவைப் படுக்கவைத்து ஊசி போட்டு நீரை இறக்கினார். திட்டு முழுவதும் எனக்குத்தான் விழுந்தது. வீடு திரும்பியதும் அண்ணனே எல்லாப் பாட்டிலையும் குப்பைத்தொட்டியில் கொட்டினான். ஒன்றையாவது ஒளித்துவைப்பான் என்று பக்கத்திலேயே நின்றேன். அவன் ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவி, சீட்டைச் சுரண்டி எடுத்தான்.

மறுநாள் தக்காளியை உப்பில்லாமல் அடுப்பிலேயே வாட்டி அரைத்து, சூப்பில் தூவிக் கொண்டுவந்தான். என்னிடம் முதலில் நீட்டினான். ருசி பார்த்தேன். உப்பு இல்லை, ருசியும் இல்லை. அப்பா ஒரு வாய் குடித்தார். கிண்ணம் தள்ளப்படும் என்று நினைத்து அண்ணன் முன்கூட்டியே கையை நீட்டினான்.

"பழையபடி விளங்காமத்தான் இருக்கு" என்றார் அப்பா.

கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. முகத்தைச் சுளித்துச் சுளித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"நாளைக்கும் இதையே செய்டா."