சாந்தோம் வீட்டுக் கணப்பு

ரிட்டையர்டு ஹெட் கிளார்க் பிரகாசம், துரைமார்கள் மனசில் என்ன இருக்கிறது என்பதை அவர்களிடம் கேட்காமலே கண்டுபிடித்து முப்பத்திரண்டு வருஷம் காலம் தள்ளியவர். பென்ஷன் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எவரிடமும் எதையும் நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு என்பது அவருடைய சித்தாந்தம்.

அதனால்தான் குன்னூர் லியோனார்ட் விஷயத்தில் இத்தனை குழப்பம்.

லியோனார்ட் ஒரு தேயிலைக் கம்பெனியில் மானேஜருக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தவர். அதாவது மானேஜரின் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்தவர். பட்டணத்தில் வேலை பார்க்கும் பையனுக்குப் பெண் தேடி வந்திருந்தார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாந்தோம் கோயில் வாசலில் பிரகாசத்துடன் பேசிக்கொண்டிருக்கையில், "டிசம்பர் ஜனவரியிலே நெருப்பு மூட்டாத ரூம்ல நான் உட்கார்றதே கிடையாது, மிஸ்டர் பிரகாசம்" என்றார். ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகவும் சொல்லிவிட்டு டிராம் ஏறிவிட்டார்.

குன்னூரில் உட்கார்வதில்லையா, எங்குமே உட்கார்வதில்லையா? பிரகாசத்துக்கு விளங்கவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை. டோரதிக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. ஏற்கெனவே மூன்று வரன்கள் வந்து காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தன. நாலாவது வரன் குளிரில் நடுங்கிப் போய்விட்டது என்ற பேர் வரக்கூடாது.

போன வருஷம் வீட்டின் கிழக்குப் பக்கத்தை ஒட்டி, மேலே மாடி இல்லாமல் ஓர் அறை கட்டியிருந்தார். கொத்தனார் லாசரை வரவழைத்து, அந்த அறைச் சுவரில் கணப்பு ஒன்று கட்டச் சொன்னார்.

"சமையல்கட்டு அந்தாண்ட கீது. இங்க இன்னாத்துக்கு ஐயா அடுப்பு?" என்றான் லாசர்.

"அடுப்பு இல்லைடா. குளிர் காயறதுக்கு."

லாசர் பிரகாசத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே பியாட்ரிஸ் அம்மாளிடம் போய், "ஐயாவுக்கு ஜொரம் கிரம் எதுனா கீதாம்மா?" என்று விசாரித்தான். பிறகு ஒரு மாதிரி கட்டி முடித்தான். கூரையில் மட்டும் ஓட்டை போட மாட்டேன் என்று சாதித்துவிட்டான். மழைக்காலத்தில் தளத்தைத் துளைக்கிறவன் கொத்தனாரே இல்லையாம். புகை போகப் பக்கச் சுவரில் ஒரு புறாக்கூண்டு அளவுக்கு வழி விட்டான்.

மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் வீட்டு நிர்வாகப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. மூன்று பக்கமும் வெளிச்சுவராக, தலைக்கு மேல் கூரையாக இருக்கும் அறையிலிருந்து சூடு வெகு சீக்கிரம் வெளியேறிவிடும், ஜாக்கிரதை என்றது அது. பிரகாசம் அதைப் பல தடவை படித்தார். வெளியிலும் அதே சூடு நிற்கும்போது உள்ளே இருக்கிற சூடு எதற்காகக் கிளம்பிப் போகவேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அச்சில் வந்ததை எதிர்த்து அவருக்குப் பழக்கமில்லை. ஜன்னல்களுக்குக் கோரைப்பாய் அடித்தார். கதவிடுக்கில் சாக்குத் துணி திணித்தார். தளத்தின் மேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் பரப்பினார்.

"கல்யாணம் எனக்கா அப்பா, இந்த ரூமுக்கா?" என்றாள் டோரதி.

"பையனைப் பிடிச்சிருக்கில்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள் பியாட்ரிஸ்.

பிடித்துத்தான் இருந்தது. கோயிலில் பாட்டுக் குழுவில் நின்ற அவனை இரண்டு ஞாயிறு பார்த்திருந்தாள். ஆகையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு லியோனார்ட் வந்தார். கம்பளிக் கோட்டு, கழுத்தில் மப்ளர். நாலு சவுக்குக் கட்டைகள் திகுதிகுவென்று எரியும் அறைக்குள் நுழைந்ததும், அவர் கண நேரம் கதவருகிலேயே நின்றார்.

"அடடே! நெருப்பு!"

"உட்காருங்க, உட்காருங்க. நெருப்புக்குப் பக்கத்திலேயே உட்காருங்க" என்றார் பிரகாசம்.

"உங்க வீட்ல... எப்பவும் உண்டா இது?"

தமக்காகக் கட்டியது என்று தெரிந்தால் வந்தவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று பிரகாசம், "எங்க குடும்பத்துல எப்பவுமே உண்டுங்க" என்றார்.

லியோனார்டின் முகத்தில் ஒரு புது மரியாதை தோன்றியது. "எனக்கும் இது இல்லாம ஆகாது" என்று சொல்லி நெருப்பின் அருகே உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷத்தில் அவர் காதோரம் வியர்வை வழிந்தது. பிரகாசத்துக்கு முதுகோடு சட்டை ஒட்டிக்கொண்டது. குளிர்தேசத்து மனுஷனுக்குச் சுகத்தில்கூட வியர்க்குமோ? லியோனார்ட் அடிக்கடி கதவு வழியே கூடத்தை எட்டிப் பார்த்தார். அங்கே புதிதாக மாட்டிய மின்விசிறி ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று இவர் மேல் படுகிறதுபோலும் என்று பிரகாசம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். லியோனார்டின் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. நன்றி என்று பிரகாசம் எடுத்துக்கொண்டார்.

"நல்ல கதகதப்பு" என்றார் லியோனார்ட்.

"இன்னொரு கட்டை போடட்டுங்களா?"

"உங்க இஷ்டம்."

இஷ்டம் என்றால் போடு என்றா, போடாதே என்றா? பிரகாசம் இரண்டு கட்டை போட்டார்.

புறாக்கூண்டு வழியே புகை கிணற்றடிப் பக்கம் குபுகுபுவென்று கிளம்பியது. கிணற்றடியில் பியாட்ரிஸுக்காக வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்த மீன்காரி தேசம்மா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் அறையின் கிணற்றடிப் பக்கத்துக் கதவு உதைபட்டுத் திறந்தது. உள்ளே பாய்ந்தவள் கையிலிருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே நெருப்பில் கொட்டினாள்.

"பொகை வந்துகினே கீது, ரெண்டு பேரும் சாவகாசமா குந்திகினு கீறீங்களே! கண்ணு தெரியலையா?"

கணப்பு சீறி அடங்கியது. திறந்த கதவு வழியே கடற்காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது. இரண்டு கனவான்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த அறையில் அன்று நடந்தவற்றுள் உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

முதலில் சுதாரித்தவர் பிரகாசம். "ஏம்மா, என்ன காரியம் பண்ணே! அது குளிர் காயற நெருப்பு!"

"குளிரா? எங்க கீது குளிர்? விடிய விடிய வலை இழுத்துட்டு வந்த எங்க ஆளு, துண்டைக்கூடக் கழட்டிக் கடாசிட்டுத் திண்ணைல குந்திகினு கீறான். இந்த ஐயா இன்னாடான்னா போர்வை சுத்திகினு வேவுறாரு!"

பிரகாசத்துக்கு உயிர் போய்விட்டது. நாலாவது வரனும் காப்பியோடு சரி. டோரதி கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளுத்த முகத்தோடு நின்றாள்.

லியோனார்ட் எழுந்தார். மப்ளரைச் சரிசெய்தார். தேசம்மாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒரு மீன்காரி தம்மை வேகிறார் என்று சொன்னதை, வெந்துகொண்டிருக்கும் எந்தக் கனவானும் ஒப்புக்கொள்ள முடியாதல்லவா?

"இவங்களுக்கெல்லாம் இதோட அருமை என்ன தெரியும், சம்பந்தி?" என்றார்.

சம்பந்தி! டோரதி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் தெரியாதுங்க சம்பந்தி, ஒண்ணும் தெரியாது!" என்றார் பிரகாசம் தழுதழுத்து.

"மறுபடி பத்த வையுங்க."

ஈரக்கட்டை எரிய அரைமணி ஆயிற்று. அந்தப் புகையிலேயே, இருவரும் கண்ணீர் வடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். நாற்பது நாள் தபசுகாலம் வருகிறது, அதில் கல்யாணம் கூடாது. பாஸ்கா என்கிற ஈஸ்டர் கழித்து, பையனுக்கு லீவு கிடைக்கிற மே மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. "ஒரு வாரம் முன்னாடியே வந்து தங்குங்க" என்றார் பிரகாசம். "உங்க மனசுப்படி. இந்த ரூம்லயே தங்கிக்கிறேன்" என்றார் லியோனார்ட், இருமிக்கொண்டே.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிரகாசம், சட்டையைப் பிழிந்துகொண்டே, "ரெண்டு வண்டி சவுக்கு சொல்லி வைக்கணும். கல்யாண வாரத்துக்கு" என்றார்.

"கத்திரி வெயில்லயா?" என்றாள் பியாட்ரிஸ்.

"சம்பந்தி ஆசைப்படறாரே."

"அவர் வாயால கேட்டாரா?"

பிரகாசம் யோசித்தார். 'உங்க இஷ்டம்' என்றார்; 'உங்க மனசுப்படி' என்றார். மே மாசத்துக்கு நெருப்பு வேண்டும் என்று எப்போது சொன்னார்? சம்பந்தியிடமே கேட்டுவிடலாம்தான். ஆனால் வரன் இப்போதுதான் குதிர்ந்திருக்கிறது.

"ரெண்டு வண்டி போதுமா என்னன்னு தெரியலையே" என்றார்.